ஆல்ஜினேட் மணிகள் பி.பி.எஸ்-ல மூணாம் நாள் கஞ்சியாயிடுது, ஏன்?

குழித்துறை லேப்:
2% சோடியம் ஆல்ஜினேட்டை (கடல்பாசியில இருந்து எடுக்கிற ஜெல் பொருள்) 22 கேஜ் ஊசி வழியா 100 மில்லிமோலார் கால்சியம் குளோரைடுல சொட்டுச் சொட்டா விட்டு, 10 நிமிஷம் கழிச்சு எடுக்கிறேன். மணி நல்லா உருண்டையாத்தான் வருது. கழுவி பி.பி.எஸ்-ல (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) போட்டு 37 டிகிரியில வச்சா ரெண்டாம் நாள் ஊதுது, மூணாம் நாள் கஞ்சி. திரவத்துல லேசா வெள்ளைக் கலங்கலும் தெரியுது. ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்லை உள்ள வச்சு, ஏழாம் நாள் ஜெல்லைக் கரைச்சு உயிரோட எடுக்கணும். நாம கரைக்கும்போதுதான் கரையணும். கால்சியத்தைக் கூட்டவா, பேரியத்துக்கு மாறவா?

பாறசாலை கெமிஸ்ட்:
மணியில குறையில்ல, பி.பி.எஸ்தான் வில்லன். ஆல்ஜினேட் சங்கிலிகளோட குலுரோனேட் (ஒரு சர்க்கரை அமிலம்) பகுதிகளுக்கு நடுவுல கால்சியம் முட்டைப் பெட்டியில முட்டை மாதிரி உக்காந்திருக்கு. பி.பி.எஸ்-ல இருக்கிற பாஸ்பேட் அதைப் பிடுங்கி கால்சியம் பாஸ்பேட்டா படிய வைக்குது, உங்க வெள்ளைக் கலங்கல் அதுதான். மிச்சத்தை சோடியம் இடம்பெயர்த்துடும். அதனால பாஸ்பேட் இல்லாத வெறும் சலைன்லயும் மணி ஊதும்.

பல் டாக்டர்கள் அச்சு எடுக்கிற ஆல்ஜினேட் பவுடர்ல சோடியம் பாஸ்பேட் சேர்ப்பாங்க, சட்டுன்னு இறுகாம இருக்க. அதே வேதியியல் உங்களுக்கு எதிரா நடக்குது. (அந்தப் பவுடரை இதுக்கு வாங்கிடாதீங்க, அதுலயே கால்சியம் சல்பேட் கலந்திருக்கும்.)

கழுவ, ஊதல் அளக்க: ஹெப்பிஸ் (பாஸ்பேட் இல்லாத பஃபர்) 20, சோடியம் குளோரைடு 150, கால்சியம் குளோரைடு 2 மில்லிமோலார், பி.எச். 7.4. செல் இருந்தா நேரா டி.எம்.இ.எம்.ல (செல் வளர்க்கிற மீடியம்) வைங்க, அதுல 1.8 மில்லிமோலார் கால்சியம் இருக்கு. பேரியம் வேண்டாம். மீடியத்து சல்பேட்டோட சேர்ந்து படியும், கசிஞ்சா செல்லுக்கு விஷம், கடைசியில ஜெல்லைக் கரைக்கிற சிட்ரேட்டுக்கும் லேசுல இளகாது.

இன்னொண்ணு, கால்சியம் குளோரைடு புட்டியில நீரற்றதா, டைஹைட்ரேட்டான்னு பாருங்க. 100 மில்லிக்கு முதலாவது 1.11 கிராம், ரெண்டாவது 1.47 கிராம். நீரற்றதை இடவப்பாதி மழைக்காலத்துல திறந்து வச்சா தராசுல வைக்கும்போதே தண்ணி இழுக்கும், எடை பொய் சொல்லும்.

கொழிஞ்சாம்பாறை:
சொட்டுற முறையில வெளித்தோல் முதல்ல இறுகும், நடு இளசா இருக்கும். ஒரே சீரான வட்டத் தகடு வேணும்னா கால்சியம் கார்பனேட்டும் ஜி.டி.எல்.லும் (குளுகோனோ டெல்டா லாக்டோன்). அது மெதுவா அமிலமாகி கார்பனேட்டுல இருந்து கால்சியத்தை விடுவிக்கும். 10 மில்லி ஜெல்லுக்கு 15 மில்லிகிராம் நுண்தூள் கார்பனேட், 53 மில்லிகிராம் ஜி.டி.எல். மோல் விகிதம் 1:2 இருந்தா பி.எச். நடுநிலைக்கு வந்து நிக்கும். முதல்ல கார்பனேட்டை ஆல்ஜினேட்டுல நல்லா கலக்குங்க, ஜி.டி.எல்.லைக் கடைசியில கரைச்ச உடனே ஊத்துங்க. கரைச்சு வச்சுட்டு டீ குடிக்கப் போனா அது குளுகோனிக் அமிலமா மாறியிருக்கும், ஊத்தின இடத்திலேயே கட்டி கட்டியா இறுகும். அடிப்பக்கம் கெட்டியா மேல்பக்கம் தளர்வா வந்தா கார்பனேட் அடியில தங்கிடுச்சுன்னு அர்த்தம்.

குழித்துறை லேப்:
நன்றி அண்ணா. கரைக்க 55 மில்லிமோலார் சோடியம் சிட்ரேட், 150 மில்லிமோலார் உப்புன்னு எழுதி வச்சிருக்கேன், சரியா? அப்புறம், பி.பி.எஸ்-லயே தாங்கணும்னா ஷிஃப் பேஸ் (ஆல்டிஹைடும் அமீனும் சேர்ற பிணைப்பு) ஜெல் தேறுமா?

பாறசாலை கெமிஸ்ட்:
பலரும் அப்படித்தான் போடுறாங்க, ஆனா கணக்குப் பாருங்க. சிட்ரேட் நாலு அயனியா பிரிஞ்சா 220, உப்பு 300, மொத்தம் 520 மில்லியாஸ்மோல் (கரைஞ்ச துகள்களோட அளவு). ரத்தத்துல 290 பக்கம்தான், செல் சுருங்கும். உப்பை 35-க்குக் குறைங்க. 100 மில்லிக்கு டிரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் 1.62 கிராம், உப்பு 0.20 கிராம். ஜெல்லைப் போல அஞ்சு மடங்கு கரைசல், 37 டிகிரி, 10 நிமிஷம், மெதுவா ஆட்டிக்கிட்டே. கரைஞ்சதும் உடனே சென்ட்ரிஃபியூஜ் பண்ணி மீடியத்துக்கு மாத்திடுங்க.

ஷிஃப் பேஸ் தேறும், பிணைப்புக்குக் கால்சியமே வேண்டாம். 1 கிராம் ஆல்ஜினேட்டுக்கு 108 மில்லிகிராம் சோடியம் பெர்அயோடேட், இருட்டுல 24 மணி நேரம். கணக்குப்படி 10% ஆக்சிஜனேற்றம், அதுல ஆல்டிஹைடு உருவாகும். 28 மைக்ரோலிட்டர் எத்திலீன் கிளைக்கால் விட்டு நிறுத்தி, டயாலிசிஸ் பண்ணி, அமீன் உள்ள கார்பாக்ஸிமெதில் கைட்டோசானோட கலக்கணும். கவனம், டிரிஸ் பஃபர் பக்கமே போகக் கூடாது, அதோட அமீன் ஆல்டிஹைடை முதல்ல தின்னுடும். மீடியத்து அமினோ அமிலங்களும் கொஞ்சம் தின்னும். அமில பி.எச்.சில தானா அவிழும். ஆனா செல்லை எடுக்கிறதுதான் நோக்கம்னா அமிலத்துல செல் படுற பாட்டையும் யோசிச்சுக்குங்க.

கொழிஞ்சாம்பாறை:
ஆல்ஜினேட்டை ஆட்டோகிளேவ்ல (நீராவி அழுத்தக் கிருமிநீக்கி) வைக்காதீங்க, சங்கிலி அறுந்து பாகு தண்ணியாகும். 1% கரைசலா 0.22 மைக்ரான்ல வடிகட்டி, லையோபிலைஸ் பண்ணி (உறைய வச்சு உலர்த்தி), திரும்ப 2%-க்கு ஏத்துங்க. செல் உருண்டையாவே இருந்தா பதறாதீங்க, ஆல்ஜினேட்டுல ஃபைப்ரோபிளாஸ்ட் ஒட்டிக்கப் பிடிமானமே இல்ல.