மறு: ஆஃப்டர்மார்க்கெட் ஃப்யூவல் டேங்க் – தமிழில் எப்படிச் சொல்வது?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுகொண்டே போகிறது, நாமோ 'ஆஃப்டர்மார்க்கெட்' என்ற ஒரே சொல்லில் நின்றுவிட்டோம். பழைய கரட்டுப்பாதை வண்டிகளுக்குப் பெரிய டேங்க் பொருத்தும் கையேட்டைத் தமிழாக்கும் நண்பருக்கு அது ஒன்று மட்டும் போதாது. இழையில் முன்பு வந்த யோசனைகளை > குறியோடு எடுத்துப் போட்டு, எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

> 'சந்தைக்குப் பிந்தைய எரிபொருள் கலன்' என்று நேரடியாகவே போட்டுவிடலாமே?

வேண்டாம் ஐயா. சந்தை கலைந்தபின் மிஞ்சிய சரக்கு என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். பட்டறையில் 'கம்பெனி டேங்க்', 'வெளி டேங்க்' என்று பேசிக்கொள்கிறார்கள். அந்த 'வெளி'யையே எடுத்துக்கொண்டு 'வெளித்தயாரிப்பு' என்போம். வண்டியைச் செய்த நிறுவனம் செய்யாதது என்ற பொருள் வந்துவிடுகிறது, 'போலி' என்ற வாடையும் இல்லை.

> தொட்டி என்றால் திறந்தது. கலன் அல்லது தாங்கி என்பதே சரி.

வீட்டுக் கூரைமேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லையா? இலங்கை நண்பர்கள் 'எரிபொருள் தாங்கி' என்று இயல்பாக எழுதுகிறார்கள், நல்ல சொல்தான். ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூல் பழக்கத்தில் தாங்கி என்பது பேரிங். 'பின்னச்சின் தாங்கியைக் கழற்றவும்' என்று கையேட்டில் வந்தால் ஒருவர் டேங்கைக் கழற்றுவார், இன்னொருவர் சக்கரத்தைக் கழற்றுவார். கலனில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் நாளெல்லாம் வாயில் புழங்கும் சொல் தொட்டிதான், என் வாக்கு அதற்கே.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. பெரிய டேங்குக்கு (லாங் ரேஞ்ச் டேங்க்) இங்கே பலரும் ஆதரித்த 'நெடுந்தூரத் தொட்டி' ஒற்றைச் சொல்லாக நிற்கக் கூடாது. இரண்டு வேறு பொருள்களை அது ஒரே பெயரில் மூடிவிடுகிறது. ஒன்று, பழைய தொட்டியை எடுத்துவிட்டு அதே இடத்தில் வைக்கும் பெரிய தொட்டி. மற்றது, பழையதை அப்படியே விட்டுவிட்டு வேறிடத்தில் கூடுதலாக வைப்பது. முன்னதை 'மாற்றுத் தொட்டி' என்றும் பின்னதை 'துணைத் தொட்டி' என்றும் பிரித்தே ஆக வேண்டும். பொருத்துகிறவருக்கு இரண்டும் வேறு வேலைகள். மாற்றுத் தொட்டியில் எரிபொருள் குழாய், அளவுமானி, நிரப்புவாய் எல்லாம் பழைய இடத்திலேயே சேர்ந்தால் வேலை முடிந்தது. துணைத் தொட்டிக்கோ தனியாக ஓர் இடம், எரிபொருளை ஒரு தொட்டியிலிருந்து மற்றதற்கு ஏற்றும் ஒரு மாற்றேற்றப் பம்பு, சுவிட்சு, ஃப்யூஸ் என்று பட்டியல் நீளும்.

வண்டியைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1948இல் வந்த முதல் லேண்ட் ரோவரில் தொட்டி இருக்கைக்கு அடியில் இருந்தது. இருக்கையைத் தூக்கித்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டும். கொள்ளளவு 10 பிரிட்டிஷ் கேலன், அதாவது ஏறத்தாழ 45 லிட்டர். அந்த இருக்கைப் பெட்டிக்குள் எவ்வளவு பெரிதாக்கினாலும் எல்லை உண்டு, அதனால் அங்கே துணைத் தொட்டிதான் வழி. டொயோட்டா லேண்ட் க்ரூசர் 80 வரிசையில் கதை வேறு. தொட்டி பின்பக்கம், அதை அடுத்து வண்டித் தரைக்கு அடியில் ஸ்டெப்னி. அந்தச் சக்கரத்தைப் பின் பம்பரில் ஒரு தாங்குசட்டத்துக்கு மாற்றிவிட்டால் அடியில் பெரிய இடம் கிடைக்கும். கையேட்டில் 'பெரிய தொட்டி' என்று மட்டும் இருந்தால் மாற்றுத் தொட்டியா துணைத் தொட்டியா என்ற இந்தத் தேர்வே வாசகர் கண்ணில் படாது.

கொள்ளளவோடு எடையும் ஏறும். கூடுதலாக 90 லிட்டர் டீசல் என்றால் சுமார் 75 கிலோ, தகட்டின் எடை தனி. பின்னச்சுக்கு அப்பால் அது தொங்கினால் பின்ஸ்பிரிங் தாழும், மேட்டிலிருந்து இறங்கும்போது தொட்டியின் அடி தரையில் இடிக்கும். வண்டியின் பின்னடி தரையில் முட்டாமல் இறங்கக்கூடிய அந்தக் கோணத்துக்கு 'விலகு கோணம்' என்று முன்பே இங்கே பேசி முடித்தோம், அதுவே இருக்கட்டும்.

> பேஃபிள் = தடுப்புச் சுவர்

இதைக் கட்டாயம் மாற்ற வேண்டும். நிறைகுடம் தளும்பாது என்பது தொட்டிக்கும் அப்படியே பொருந்தும். பாதி காலியான பெரிய தொட்டியில்தான் எரிபொருள் வளைவுக்கு வளைவு ஒரு பக்கமாக ஓடி மோதும், உறிஞ்சுகுழாயின் வாய் காற்றில் நிற்கும், இன்ஜின் திணறும். அதற்காக உள்ளே வைக்கும் தகடுகள் எரிபொருளை அடைத்துவைப்பதில்லை, ஓட்டத்தை மெதுவாக்குகின்றன. தகட்டில் ஓட்டைகள் இருக்கும், அடி மூலைகள் வெட்டப்பட்டிருக்கும். 'தடுப்புச் சுவர்' என்று படித்த வெல்டர் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் வழியே இல்லாமல் முழுத் தகட்டைப் பற்றவைத்துவிடுவார். பாதி டீசல் உறிஞ்சுகுழாய்க்கு எட்டாமல் மறுபக்கத்திலேயே கிடக்கும். ஆகவே 'தளும்பல் தணிப்புத் தகடு', சுருக்கமாகத் 'தணிப்புத் தகடு'.

தொட்டிக்குள் காற்று போய்வரும் குழாயான ப்ரீதருக்கு 'மூச்சுக்குழல்' அழகாக இருக்கிறது, ஆனால் அது உடலுறுப்பின் பெயர். 'காற்றுப்போக்கி' பாதிதான் சொல்கிறது. நிரப்பும்போது காற்று வெளியேற வேண்டும், ஓடும்போது எரிபொருள் குறையக் குறையக் காற்று உள்ளே வர வேண்டும். அது அடைத்தால் பெட்ரோல் பங்கில் நிரப்பும் துப்பாக்கி 'டக் டக்' என்று நின்றுகொண்டே இருக்கும், சாலையிலோ தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பம்பு திண்டாடும். இருவழிக்கும் பொதுவாகக் 'காற்றுவழிக் குழாய்' என்பது என் முன்மொழிவு. ஆற்றைக் கடக்கும் வண்டியில் அதன் வாயை நீர்மட்டத்துக்கு மேல் உயர்த்திக் கட்ட வேண்டும் என்ற குறிப்பும் கையேட்டில் இருக்கட்டும்.

> ஃப்யூவல் சென்டர் (fuel sender) = எரிபொருள் அனுப்பி

படிப்பவர் இதைப் பம்பு என்று எடுத்துக்கொள்வார். உள்ளே மிதவை ஏறி இறங்க மின்தடை மாறுகிறது, அளவுமானி அதைப் படிக்கிறது, அவ்வளவுதான். 'மட்ட உணரி' என்றால் போதும். வெளித்தயாரிப்புத் தொட்டிகளில் பெரும்பாலும் தலைவலி தருவது இதுவே. அமெரிக்க வழக்கு உணரி காலியில் 240 ஓம், நிறைந்தால் 33 ஓம் காட்டும். ஐரோப்பிய வழக்கு ஒன்று காலியில் 10, நிறைவில் 180. இரண்டும் எதிரெதிர்த் திசை. ஒன்றின் உணரியை மற்றதன் மானியோடு இணைத்தால் தொட்டி நிறைய நிறைய முள் காலியை நோக்கி இறங்கும். எனவே 'மட்ட உணரியின் மின்தடை வரம்பு' என்று முழுச்சொல்லாகவே எழுதிவிடுங்கள்.

அன்புடன்.

---

வணக்கம். தணிப்புத் தகடு எனக்கு முழுச் சம்மதம். மட்ட உணரியும் சரி. ஒரே கேள்வி: நீங்கள் 'மாற்றுத் தொட்டி' என்கிறீர்கள், பழையது துருப்பிடித்ததால் அதே அளவில் புதிது வாங்கினாலும் அது மாற்றுத் தொட்டிதானே?

---

ஆமாம் அக்கா, இடிக்கிறது. அளவு கூடியதைப் 'பெரு மாற்றுத் தொட்டி' என்று அடைமொழியோடு சொல்லலாம், அதே அளவில் வருவதை வெறும் மாற்றுத் தொட்டி என்று விடலாம். 'பெருந்தொட்டி' என்று சுருக்கினால் மறுபடி துணைத் தொட்டியோடு குழம்பும், அதனால் நீளமாகவே இருக்கட்டும். கையேட்டு நண்பர் அட்டவணையில் இப்படியே சேர்த்துக்கொள்ளட்டும். நிரப்புவாய்க்கும் அதிலிருந்து தொட்டிக்கு இறங்கும் ரப்பர்க் குழாய்க்கும் தனித்தனிச் சொல் வேண்டுமா என்பதை மட்டும் அவர் வரைபடம் அனுப்பியதும் பேசுவோம்.