கண்ணாடிக்குப் போய் பிரஷர் மாத்திரையோடு வந்தேன்: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

கரூர்க்காரன்:
எனக்கு வயது 46. தை மாதம் பேப்பர் எழுத்து மங்க ஆரம்பித்தது. வெள்ளெழுத்துதானே என்று கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பவர் பார்த்து சீட்டு எழுதிய பிறகு, சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார வைத்தார்கள். கண்ணின் பாப்பா விரிந்ததும் டாக்டரம்மா லென்ஸைப் பிடித்துக்கொண்டு, மேலே பாருங்க, கீழே பாருங்க என்று நெடுநேரம் பார்த்தார். அப்புறம் அவர் கேட்டது கண்ணைப் பற்றியே இல்லை. "பிரஷர் பார்த்து எவ்வளவு நாளாச்சு சார்?"

நான் பார்த்ததே இல்லை. நர்ஸ் பட்டையைக் கட்டினார். 168/104. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பார்த்தபோது 164/102.

சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். விழித்திரையில் ரத்தத்தைக் கொண்டுவரும் தமனியும், திருப்பிக் கொண்டுபோகும் சிரையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுமாம். சிரை மூன்று பங்கு என்றால் தமனி சுமார் இரண்டு பங்கு தடிமன் இருக்க வேண்டும். எனக்குப் பாதிகூட இல்லை. பிரஷர் கூடக் கூட தமனி ஒடுங்கிச் சுவர் தடித்துப்போகும் என்றார். அது சிரையைக் கடக்கும் இடத்தில் சிரை நசுங்கியும் இருந்தது, தோட்டத்து ஓஸ் மேல் கல்லை வைத்த மாதிரி.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன். அந்த வெயிலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. சொட்டு மருந்துக்குப் போகிறவர்கள் யாரையாவது துணைக்குக் கூட்டிப் போங்கள்.

தேக்காவாசி:
சிங்கப்பூரில் 2007 முதல் 2009 வரை இந்திய வம்சாவளியினர் 3400 பேரின் கண்ணைச் சோதித்து ஓர் ஆய்வு நடந்தது. அதில் நானும் ஒருவன். ஒரு மின்னல் வெட்டு, போட்டோ முடிந்தது. கண்ணில் கோளாறு இல்லை என்று கடிதம் வந்ததும் மறந்துவிட்டேன். அப்போது நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடிப்பேன். புகை பிடிப்பவர்களுக்குச் சிரை அகலமாக இருக்கும் என்று பின்னால்தான் தெரிந்தது. என் படத்தில் என்ன இருந்ததோ!

சொட்டுமருந்து:
கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கும் விழித்திரையைப் போட்டோ எடுப்பதுதான் 11 வருஷமாக என் வேலை. கரூர்க்காரர் சொன்ன இரண்டுக்கு மூன்று கணக்கு கண்மதிப்புதான், அளவு இல்லை. ஆராய்ச்சியில் நரம்புத்தட்டை, அதாவது விழித்திரையில் கண் நரம்பு சேரும் வட்டத்தை, சுற்றி ஒரு வளையம் போட்டு, அதற்குள் வரும் பெரிய தமனி ஆறு, சிரை ஆறு எடுத்து மென்பொருளில் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் அளப்பார்கள். விகிதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். தமனி ஒடுங்கினாலும் அது குறையும், சிரை விரிந்தாலும் குறையும். முன்னதற்குப் பெரும்பாலும் பிரஷர் காரணம். பின்னதை சிகரெட், சர்க்கரை, உடல் பருமன் பக்கம் தேட வேண்டும். நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வில் சிரை அகலமானவர்களுக்குத்தான் பக்கவாத அபாயம் கூடுதலாகத் தெரிந்தது.

ஈரோட்டு அக்கா:
எங்கள் ஆபீஸ் கேம்ப்பில் கண்ணைப் போட்டோ எடுத்து, கம்ப்யூட்டர் கணக்குப்படி என் ரத்தக் குழாய்க்கு வயசு 61 என்று ரிப்போர்ட் தந்தார்கள். எனக்கு 49 நடக்கிறது. ரெண்டு ராத்திரி தூக்கமே இல்லை. தம்பி, இதை நம்பலாமா?

சொட்டுமருந்து:
அக்கா, ஒரே கண்ணை ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை எடுத்தால்கூட அளவு கொஞ்சம் மாறும். இதயம் துடிக்கத் துடிக்கக் குழாயும் விரிந்து சுருங்கும். கிட்டப்பார்வை இருந்தால் படத்தில் குழாய் ஒல்லியாகத் தெரியும். உங்களுக்கு மைனஸ் பவரா? ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது உண்மை தெரியும், ஒருத்தரின் ஒரு படத்தை வைத்து வயசு சொல்வதை நான் நம்பமாட்டேன். பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றும் பாருங்கள்.

ஈரோட்டு அக்கா:
மைனஸ் ஐந்து! மூன்றும் பார்த்தாச்சு. கொழுப்பு மட்டும் கொஞ்சம் கூட. நிம்மதியா, இல்லையா என்றே தெரியவில்லை.

கரூர்க்காரன்:
ஆறு மாதம் மாத்திரை, ஊறுகாய்க்கு முழுக்கு. இப்போது 132/84. குழாய் விரிந்துவிட்டதா என்று ஆசையாகக் கேட்டேன். "அது பழையபடிதான் சார் இருக்கு. மோசமாகல, அதுவே சந்தோஷம்" என்றார் டாக்டரம்மா. முதலில் போட்ட படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால், அந்தச் சீட்டை கண்ணாடிக் கடைக்காரர் வாங்கி வைத்துக்கொண்டார்.