ஸ்கேன் செய்த பழைய படங்களெல்லாம் பூட்டப்பட்டுவிட்டன, 490 டொலர் கட்டுவதா?

கரடிப்போக்கு எழுதியது:

வணக்கம். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் சின்னதாக ஒரு கொமினிகேசன் வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, தட்டச்சு, செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாளில் அச்சிடுகிற நினைவு மலரான கல்வெட்டு, அப்புறம் பழைய படங்களை ஸ்கேன் செய்து திருத்திக் கொடுப்பது. இந்தக் கடைசி வேலைதான் எனக்குப் பெரிது. 2009இல் ஊர் ஊராக இடம்பெயர்ந்த சனம், கையில் மிஞ்சிய ஒன்றிரண்டு படங்களைச் சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவருவார்கள். மூலை கிழிந்திருக்கும், சேறு காய்ந்திருக்கும், சிலவேளை இரண்டு படம் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். எல்லாவற்றையும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, ஊர்ப் பெயரில் ஃபோல்டர் போட்டு வைத்திருந்தேன். 2,300 படங்களுக்கு மேல்.

போன செவ்வாய் பின்னேரம் படம் திருத்தும் மென்பொருள் ஒன்றைக் காசு கட்டாமல் ஓட வைக்கிற கிராக்கை இறக்கினேன். வைரஸ் கார்டை நிறுத்திவிட்டுப் போடச் சொல்லியிருந்தது, நிறுத்தினேன். விண்டோஸ் அப்டேட் போல ஒரு பெட்டி வந்து ஓடிக்கொண்டிருந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால், ஒவ்வொரு படத்தின் பெயருக்குப் பின்னாலும் நாலு எழுத்து வால். ஒன்றும் திறக்கவில்லை. ஃபோல்டருக்கு ஃபோல்டர் ரீட்மீ என்றொரு கோப்பு: 980 டொலர் கேட்கிறார்கள், 72 மணித்தியாலத்துக்குள் தொடர்புகொண்டால் 490. பேக்கப் என்று வைத்திருந்த வெளி ஹாட் டிஸ்க்கும் அந்த நேரம் கொம்பியூட்டரில்தான் குத்தியிருந்தது. அதுவும் போய்விட்டது.

வட்டக்கச்சி அம்மா ஒருவருடைய மகன் காணாமல் ஆக்கப்பட்டவர். அவருடைய ஒரே படத்தை 2016இல் ஸ்கேன் செய்தேன். 2018 டிசம்பர் வெள்ளத்தில் அசல் போய்விட்டது. அவவிடம் இருப்பது நான் லாமினேட் செய்து கொடுத்த சின்னப் பிரதி. போராட்டக் கொட்டிலுக்குக் கொண்டுபோய்க் கொண்டுபோய் வெயிலில் வெளிறிவிட்டது. பெரிதாக அடித்துத் தரும்படி போன மாதம் கேட்டிருந்தா. நான் என்ன சொல்ல? என் காப்புச் சோடியை அடகு வைத்தால் காசு கட்டிவிடலாம். கட்டினால் திருப்பித் தருவார்களா?

முல்லைத்தீவு எழுதுவினைஞர் எழுதியது:

அக்கா, கட்டாதீர்கள். கட்டிய பிறகும் கோப்பைத் திறக்கும் திறப்பு (சாவி) வராமல் போனவர்கள் இருக்கிறார்கள். இது உங்கள் கடைக்கு மட்டும் நடந்ததுமில்லை. 2023இல் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவைக்கே இப்படி நடந்து, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. அமைச்சரவை அலுவலகமும் அதில் அகப்பட்டது. அந்தக் காலத்துக்குத் தனியாக எடுத்துவைத்த பேக்கப் இருக்கவில்லை. கணினித் தாக்குதல்களைக் கவனிக்கிற இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு ஒரு முறைப்பாடு அனுப்பி வையுங்கள்.

வவுனியா திருத்துநர் எழுதியது:

தங்கச்சி, முதலில் ஒன்று: போர்மட் அடிக்க வேண்டாம். கடைக்காரர்கள் பலர் எடுத்த எடுப்பில் அதைத்தான் செய்வார்கள். இன்டர்நெட்டைக் கழற்றுங்கள். ஹாட் டிஸ்க்கை வேறொரு துப்புரவான கொம்பியூட்டரில் போட்டு, பூட்டிய கோப்புகளை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். இனி எதைச் செய்தாலும் அந்தப் பிரதியில்தான்.

நீங்கள் சொல்லும் 980, 490, போலி அப்டேட் பெட்டி எல்லாம் ஸ்டொப் அல்லது டிஜேவியு என்கிற, கோப்பைப் பூட்டிக் காசு கேட்கும் வைரஸ் வகையின் அடையாளம். ரீட்மீ கோப்பின் அடியில் உங்கள் அடையாள எண் இருக்கும். அது டி1 (t1) என்று முடிந்தால் எல்லாருக்கும் பொதுவான திறப்பால் பூட்டியிருக்கிறது. எம்சிசொஃப்ட் என்கிற வைரஸ் தடுப்பு நிறுவனம் 2019 ஒக்டோபரில் வெளியிட்ட இலவசக் கருவியால் சிலவேளை திறக்கலாம். வேறு மாதிரி முடிந்தால் அது உங்களுக்கென்றே உருவாக்கிய திறப்பு, அவர்களிடம் மட்டும்தான் இருக்கும்.

அப்படியென்றாலும் கையை விடாதீர்கள். இந்த வகை முழுக் கோப்பையும் பூட்டுவதில்லை, முதல் 150 கேபியை மட்டும் பூட்டுகிறது. அவசரத்தில் ஆயிரக்கணக்கான கோப்பை முடிக்க அவர்கள் கண்டுபிடித்த வழி. உங்கள் படம் ஒன்று 8 எம்பி என்றால் கிட்டத்தட்ட 2 சதவீதம்தான் போனது. மிச்சம் உள்ளேயே கிடக்கிறது. தலைப்பகுதி இல்லாததால் கொம்பியூட்டருக்கு அது படம் என்று தெரியவில்லை, அவ்வளவுதான். அதே ஸ்கேனரில், அதே 600 டிபிஐயில் புதிதாக ஒரு படம் ஸ்கேன் செய்யுங்கள். அதன் தலைப்பகுதியை எடுத்துப் பழைய படத்துக்குப் பொருத்துகிற ஜேபெக் திருத்தும் கருவிகள் இருக்கின்றன. மேலே மெல்லிய பட்டி ஒன்று இராது, நிறமும் திரிந்து வரலாம்.

இன்னொன்றையும் இன்றைக்கே செய்யுங்கள். கிராக்கோடு கடவுச்சொல் திருடுகிற நிரலும் சேர்ந்து வருவது வழக்கம். வங்கி, மெயில், முகநூல் எல்லாவற்றையும் போனிலிருந்து மாற்றுங்கள், அந்தக் கொம்பியூட்டரிலிருந்து அல்ல.

கரடிப்போக்கு எழுதியது:

அண்ணா, எண் டி1 என்று முடியவில்லை. இரவு அழுதேன். பிறகு நீங்கள் சொன்னபடி செய்தேன். வட்டக்கச்சி ஃபோல்டரில் 61 படம், 58 வந்துவிட்டன. அந்தத் தம்பியின் படம் பச்சை பாய்ந்து வந்தது, இலவசமாகக் கிடைக்கிற கிம்ப்பில் சரிப்படுத்தினேன். மேலே 3 மில்லிமீற்றர் இல்லை. அது பின்னாலிருந்த சுவர். முகம் முழுதாக இருக்கிறது.

வராத மூன்றும் வட்ஸ்அப்பில் வந்த படங்கள், 90, 100 கேபி. கல்வெட்டுக் கோப்புகளும் சின்னவைதான். அவற்றுக்கு வழி?

வவுனியா திருத்துநர் எழுதியது:

150 கேபிக்குக் குறைந்தவை முழுதும் பூட்டப்பட்டவை, அவற்றில் மிச்சம் ஒன்றுமில்லை. ஆனால் அனுப்பியவரின் போனில் அந்தப் படம் இன்னும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். கல்வெட்டுகளை அச்சகத்துக்கு மெயிலில் அனுப்பியிருந்தால் அனுப்பியவைப் பெட்டியில் கிடைக்கும்.

இனி இரண்டு ஹாட் டிஸ்க் வாங்குங்கள். ஒன்று கடையில், பிரதி எடுக்கும் நேரம் தவிர லாச்சிக்குள். மற்றது உறவினர் வீட்டில், வெள்ளம் ஏறாத உயரத்தில். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நேரம் குத்த வேண்டாம்.

கரடிப்போக்கு எழுதியது:

பரந்தனில் அக்கா வீடு மேட்டில்தான் இருக்கிறது, அங்கே வைக்கிறேன். இனி விசுவமடு ஃபோல்டர், 340 படம்.