பாஸ்போ பேண்ட் காணோம், வல்லாரை போட்ட லேனில் மட்டும் தெரிகிறது: உதவி தேவை

செம்பனை மகள், சுங்கை சிப்புட்:
வணக்கம். முதுகலை ஆய்வு செய்கிறேன். இப்போது செமஸ்டர் விடுமுறை, தோட்டத்து வீட்டில் இருக்கிறேன். அடுத்த வாரம் லேப் திரும்புவதற்குள் ஒரு வழி தெரிய வேண்டும்.

வல்லாரைச் சாறு வீக்கத்தைக் குறைக்கிறதா என்று ஹீலா செல்களில் (லேபில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்கள்) பார்க்கிறேன். வீக்கத்தைத் தூண்டும் புரதமான டிஎன்எஃப்-ஆல்பா 10 நானோகிராம்/மிலி, 30 நிமிடம் கொடுத்தேன். புரதங்களை ஜெல்லில் பிரித்து ஆன்டிபாடியால் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டில், பாஸ்போ (பாஸ்பேட் ஏறிய) ஐ-கப்பா-பி-ஆல்பா புரதத்தின் பேண்டே (கோடே) இல்லை. ஆனால் சாறு கொடுத்த லேனில் (சாம்பிள் ஓடும் வரிசையில்) மங்கலாக ஒரு பேண்ட் இருக்கிறது. ஒப்பிடப் பார்க்கும் ஆக்டின் புரதம் எல்லா லேனிலும் சமம், அதாவது எல்லாவற்றிலும் ஒரே அளவு சாம்பிள்தான். அப்படியென்றால் வல்லாரை பாஸ்பேட் ஏற்றத்தைக் கூட்டுகிறதா? பாட்டி காலத்திலிருந்து காயத்துக்கு அரைத்துப் பூசும் இலையாச்சே!

மேசை ஓரம், பினாங்கு:
தங்கச்சி, மொத்த ஐ-கப்பா-பியைப் பார்த்தாயா? பாஸ்போவை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது.

செம்பனை மகள்:
பார்த்தேன் அண்ணா. டிஎன்எஃப் மட்டும் கொடுத்த லேனில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. சாறு கொடுத்த லேனில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

மேசை ஓரம், பினாங்கு:
அதுதான் விஷயம். டிஎன்எஃப் வந்ததும் ஐகேகே என்ற கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி), ஐ-கப்பா-பியின் செரின் 32, 36 என்ற இரண்டு இடங்களிலும் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அந்த அடையாளத்தைப் பார்த்து யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் ஒட்டப்படுகிறது. செல்லின் வேண்டாத புரதங்களை அரைக்கும் புரோட்டியசோம் அதை அரைத்துவிடுகிறது. ஐ-கப்பா-பி அதுவரை பிடித்து வைத்திருந்த என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் நியூக்ளியஸுக்குள் போய் வீக்கத்தைக் கூட்டும் ஐஎல்-6, ஐஎல்-8 ஜீன்களை இயக்குகிறது. 30 நிமிடத்தில் நீ தேடுவது பாஸ்பேட் ஏறி, அழிந்தும் போன புரதம். பேண்ட் இல்லாதது சிக்னல் நன்றாக ஓடியதற்குத்தான் அடையாளம்.

சாறு கொடுத்த லேனில் மிச்சம் இருப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, ஐகேகே மெதுவாகி எல்லாமே தாமதமாகிறது. இன்னொன்று, பாஸ்பேட் ஏறியும் புரோட்டியசோம் அரைக்கவில்லை. இரண்டும் வேறு வேறு கதை. முடிவு எழுத அவசரப்படாதே. 0, 5, 10, 15, 30, 60 நிமிடம் என்று நேரவரிசை போடு. பாஸ்போ முதல் சில நிமிடங்களிலேயே தெரியும். 60-இல் மொத்த அளவு திரும்ப ஏறும், ஏனென்றால் என்எஃப்-கப்பா-பியே ஐ-கப்பா-பி ஜீனையும் இயக்குகிறது.

கூடவே எம்ஜி132, 10 மைக்ரோமோலார் முன்கூட்டிக் கொடுத்து ஒரு தொகுதி. அது புரோட்டியசோமை நிறுத்திவிடும், பாஸ்போ சேர்ந்து நிற்கும். அப்போதும் சாறு லேனில் பேண்ட் மங்கலாக இருந்தால் ஐகேகே வரைக்கும் எங்கோ தடை. சமமாக வந்தால் அதற்குப் பின்னால் எங்கோ.

ஆய்வகத்து அக்கா, ஈப்போ:
செல்லை உடைக்கும் திரவத்தில் என்ன போடுகிறாய்மா?

செம்பனை மகள்:
புரோட்டியேஸ் தடுப்பான் மட்டும் அக்கா. ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்கச் செய்யும் பிளாக்கிங்குக்குப் பால் பவுடர்.

ஆய்வகத்து அக்கா, ஈப்போ:
பாஸ்பேட்டைக் கழற்றும் பாஸ்பட்டேஸ் நொதிகளைத் தடுக்க சோடியம் ஃபுளோரைடு, பீட்டா-கிளிசரோபாஸ்பேட், ஆர்த்தோவனடேட் மூன்றையும் சேர். முதல் இரண்டும் செரின், திரியோனின் அமினோ அமிலங்களில் ஏறிய பாஸ்பேட்டைக் காக்க, வனடேட் டைரோசினுக்கு. வெட்டிய ரப்பர் பாலில் அமோனியா விடாவிட்டால் பக்கெட்டிலேயே உறைந்துபோகுமே, தோட்டத்துப் பெண்ணுக்குத் தெரியாததா? அதுபோல செல்லை உடைத்ததும் பாஸ்பட்டேஸ் உன் பாஸ்பேட்டைக் கழற்ற ஆரம்பித்துவிடும். எல்லா வேலையும் ஐஸ் மேல். அப்புறம், பால் பவுடரில் உள்ள கேசினே பாஸ்பேட் ஏறிய புரதம். பாஸ்போ ஆன்டிபாடிக்குப் பின்னணி கறுக்கும். அதற்குப் பதில் 5% பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) போடு.

ஓய்வுபெற்ற வாத்தியார், சுங்கை சிப்புட்:
மகளே, எஸ்டிபிஎம் (மலேசிய மேல்நிலைத் தேர்வு) பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள், ஒரு வரி சேர்க்கிறேன். பாஸ்பேட்டை ஏற்றி இறக்கினாலே நொதியின் வேலை மாறும் என்று 1950-களில் தசைச் செல்லின் கிளைக்கோஜன் பாஸ்பாரிலேஸில் காட்டியவர்கள் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும். அதற்கு 1992-இல் நோபல் பரிசு. புதுப் புரதம் செய்யக் காத்திராமல் நொடிகளில் திருப்ப முடிகிற சுவிட்ச் என்பதால்தான், வீக்கம் போன்ற அவசரத்துக்குச் செல் இதை நம்புகிறது.

செம்பனை மகள்:
ரொம்ப நன்றி சார், அக்கா, அண்ணா. பாஸ்போவையும் மொத்தத்தையும் ஒரே மெம்பிரேனில் பார்க்கலாமா?

மேசை ஓரம், பினாங்கு:
பார்க்கலாம். பாஸ்போ முதலில், அந்த ஆன்டிபாடியைக் கழுவி எடுத்துவிட்டு மொத்தம். மாற்றிச் செய்தால் மங்கலான பாஸ்போ பேண்ட் கழுவுவதிலேயே போய்விடும். சாம்பிள் போதுமென்றால் ஒரே சாம்பிளை இரண்டு ஜெல்லில் ஓட்டு, அதுவே மேல். எம்ஜி132-ஐ டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில்தான் கரைப்போம், அதனால் டிஎம்எஸ்ஓ மட்டும் கொடுத்த லேன் ஒன்றையும் விட்டுவிடாதே.