3200 என்று வாங்கிய ராம் 1066 என்று காட்டுகிறது. போலியா?

கேள்வி

வணக்கம். அண்மையில் 8 ஜிபி டிடிஆர்4 ராம் ஸ்டிக்குகள் இரண்டை வாங்கிப் பொருத்தினேன். அவற்றின் ஸ்டிக்கரில் டிடிஆர்4-3200, பிசி4-25600, சிஎல்16 என்று அச்சிட்டிருக்கிறது. ஆனால் டாஸ்க் மேனேஜரில் வேகம் 2133 என்றும், சிபியு-இசட் மென்பொருளில் 1066 மெகாஹெர்ட்ஸ் என்றும் தெரிகிறது. எந்த எண்ணை நம்புவது? எனக்குப் போலியான ராமை விற்றுவிட்டார்களா?

மறுமொழி 1

போலி என்று முடிவுகட்ட வேண்டாம். டிடிஆர் நினைவகம் கடிகாரத் துடிப்பு ஒவ்வொன்றிலும், ஏறும்போது ஒரு முறையும் இறங்கும்போது ஒரு முறையுமாக, இருமுறை தரவை அனுப்புகிறது. சிபியு-இசட் காட்டுவது உண்மையான கடிகார வேகம். அதன் இருமடங்கான 2133 என்பது வினாடிக்கு எத்தனை மில்லியன் பரிமாற்றங்கள் என்ற கணக்கு. அதை மெகாஹெர்ட்ஸ் என்றே பலரும் எழுதிப் பழகிவிட்டதால்தான் இந்தக் குழப்பம்.

25600 தனிக் கதை. ஒரு பரிமாற்றத்தில் 64 பிட், அதாவது 8 பைட் செல்வதால், 3200-ஐ 8-ஆல் பெருக்கினால் வினாடிக்கு 25600 மெகாபைட் வருகிறது. பெரிய எண்ணாக இருப்பதால் விற்பவர்களுக்கு அது பிடிக்கும், அவ்வளவுதான்.

மறுமொழி 2

மேலே உள்ள விளக்கம் சரியே. ஆயினும் 3200 எங்கே போயிற்று என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. பல ஸ்டிக்குகளில் பெட்டியின் மேல் போட்டிருக்கும் வேகம் எக்ஸ்எம்பி என்னும் கூடுதல் அமைப்பில்தான் பதிவாகியிருக்கும். அதை நாமாக இயக்காதவரை மதர்போர்டு 2133 போன்ற பாதுகாப்பான அடிப்படை வேகத்திலேயே தொடங்கும். கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய மதர்போர்டின் அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் சென்று எக்ஸ்எம்பியை இயக்கிப் பாருங்கள். அப்போது மின்னழுத்தம் 1.2 வோல்ட்டிலிருந்து 1.35 வோல்ட்டுக்கு உயர்வது இயல்பு. உங்கள் பிராசசரோ மதர்போர்டோ 3200-ஐ ஏற்காவிட்டால், அவை அனுமதிக்கும் அளவோடு வேகம் நின்றுவிடும். அது ராமின் குற்றமன்று.

கேட்டவர்

மிக்க நன்றி. எக்ஸ்எம்பியை இயக்கியதும் சிபியு-இசட் 1600 என்றும், டாஸ்க் மேனேஜர் 3200 என்றும் காட்டுகின்றன. ஆனால் முன்பு சிஎல் 15 ஆக இருந்தது, இப்போது 16 ஆகிவிட்டது. சிஎல் குறைவாக இருப்பதே நல்லது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் ஒரு பக்கம் வேகம் கூடி, மறுபக்கம் தாமதமும் கூடிவிட்டதா?

மறுமொழி 2

இல்லை. சிஎல் என்பது நேரத்தின் அளவன்று, தரவைக் கேட்டபின் அது வரத் தொடங்கும்வரை கழியும் கடிகாரத் துடிப்புகளின் எண்ணிக்கை. துடிப்பு விரைவானால் ஒவ்வொன்றும் எடுக்கும் நேரம் குறையும். சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, பரிமாற்ற வேகத்தால் வகுத்தால் நானோ வினாடி கிடைக்கும். முன்பு 15 × 2000 ÷ 2133, ஏறத்தாழ 14 நானோ வினாடி. இப்போது 16 × 2000 ÷ 3200, சரியாக 10. இதே கணக்கில் 3600 சிஎல்18 ஸ்டிக்கும், டிடிஆர்5-இல் 6000 சிஎல்30 ஸ்டிக்கும் அதே 10-இல்தான் வந்து நிற்கின்றன. ஒரே வேகமுள்ள இரண்டை ஒப்பிடும்போது மட்டுமே சிஎல் எண்ணை நேரடியாகப் பார்க்கலாம்.

கேட்டவர்

இப்போது புரிந்தது. என்னிடம் பழைய 2400 ஸ்டிக் ஒன்று சும்மா கிடக்கிறது. காலியாக உள்ள இடத்தில் அதையும் செருகலாமா?

மறுமொழி 1

செருகினால் பெரும்பாலும் மூன்றுமே 2400-க்கு இறங்கிவிடும். 16 ஜிபி உங்களுக்குப் போதவில்லை என்றாலொழிய அது கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். அதைவிட, எக்ஸ்எம்பியை இப்போதுதான் இயக்கியிருப்பதால் ராமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86-ஐ ஒரு முழுச் சுற்று ஓடவிட்டு, பிழை ஏதும் வரவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.