காணி கணவர் பெயரில் இருக்கிறது: பாதுகாப்புக் கட்டளை கேட்டால் தங்கை வீட்டை இழப்பாளா?

ஒட்டுசுட்டான் அக்கா:
வணக்கம். புதுக்குடியிருப்புப் பக்கம் மணமுடித்துப் போன என் தங்கையை அவளுடைய கணவர் கசிப்புக் குடித்துவிட்டு அடிப்பது வழக்கமாகிவிட்டது. மண்வெட்டிப் பிடியால் அடித்ததில் முழங்கை வீங்கிய நிலையில் அவள் பொலிஸில் முறைப்பாடு செய்தாள். அங்கே இருவரையும் எதிரெதிரே இருத்தி, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சேர்ந்து வாழும்படி அறிவுரை கூறி, கையொப்பம் வாங்கி அனுப்பிவிட்டார்கள். மீள்குடியேறிய பின் வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு அது; காணி அனுமதிப்பத்திரம் கணவர் பெயரில் இருப்பதால், வழக்குப் போட்டால் பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டிவரும் என்று அஞ்சுகிறாள். என்ன செய்யலாம்?

கிளிநொச்சி சட்டத்தரணி:
அக்கா, பொலிஸில் சமாதானம் பேசி அனுப்பியதோடு உங்கள் தங்கையின் உரிமை முடிந்துவிடவில்லை. இலங்கையின் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், கணவர் மேலும் வன்முறை செய்யாமல் தடுக்கும் பாதுகாப்புக் கட்டளை கேட்டு அவள் நேரடியாக நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அவள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்க முடியும். ஆபத்து உடனடியானதென நீதவான் கருதினால் இடைக்காலக் கட்டளை பிறப்பித்து, 14 நாட்களுக்குள் விசாரணைக்கு எடுப்பார். விசாரணையின் பின் வழங்கும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரை நீடிக்கலாம்.

வீட்டைப் பற்றிய பயம்தான் வன்னியில் எத்தனையோ பெண்களின் வாயைக் கட்டிவைத்திருக்கிறது. இந்த வழக்கு காணி யாருக்கென்று தீர்ப்பதற்கானதன்று. இருவரும் சேர்ந்து வாழ்ந்த வீட்டுக்குள் கணவர் நுழையக்கூடாதென்று கட்டளையிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அப்போது மனைவி பிள்ளைகளின் இருப்பிடத் தேவையையும், கணவருக்கு நேரக்கூடிய கஷ்டத்தையும் நீதவான் சீர்தூக்கிப் பார்ப்பார். ஆகவே அவளும் பிள்ளைகளும் போவதற்கு வேறு இடமில்லை என்பதைச் சத்தியக்கடதாசியில் (சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்து வாக்குமூலத்தில்) தெளிவாக எழுதச் சொல்லுங்கள். கட்டளையை மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். இது விவாகரத்து வழக்குமன்று; தாபரிப்பு, அதாவது வாழ்க்கைச் செலவுக்கான பணம், கோருவதற்கு 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டம் தனியாக இருக்கிறது.

மருத்துவமனைத் தாதி:
வீக்கம் வற்றுவதற்கு முன் அவளை அரச வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். காயம் எப்படி ஏற்பட்டதென்று வைத்தியரிடம் உள்ளபடியே சொல்லி, சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைக் கேளுங்கள். "கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன்" என்று கட்டில் அட்டையில் (வைத்தியசாலையின் நோயாளர் பதிவில்) எழுதப்பட்டுவிட்டால், பிறகு நீதிமன்றத்தில் அந்த வரியையே அவளுக்கெதிராகக் காட்டுவார்கள்.

ஒட்டுசுட்டான் அக்கா:
இருவருக்கும் மிக்க நன்றி. அவள் இப்போது பிள்ளைகளுடன் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். வழக்குக்காக அந்த ஊருக்கே திரும்பிப் போக வேண்டுமா?

கிளிநொச்சி சட்டத்தரணி:
தேவையில்லை. அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்துக்குரிய நீதவான் நீதிமன்றத்திலேயே விண்ணப்பிக்கச் சட்டம் இடமளிக்கிறது. பணம் இல்லையென்று தள்ளிப்போடவும் வேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் வசதியற்றோருக்கு இலவசமாக வழக்காடுவார்கள். பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். பழைய முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இடையில் அவர் வந்து தொல்லை கொடுத்தால் பொலிஸின் 119 க்கோ, பெண்களுக்கான உதவி இலக்கமான 1938 க்கோ உடனே அழையுங்கள்.