பழைய செடானுக்கு 95 ஆக்டேன் பெட்ரோல் தேவையா?

ஈரோடு_செடான்:
எங்க வீட்டு வண்டி 2015 மாடல் 1.5 லிட்டர் பெட்ரோல் செடான், மேனுவல் கியர். 90,000 கி.மீ. தாண்டியாச்சு. பைபாஸ்ல நிதானமா போனா லிட்டருக்கு 17 கொடுத்த வண்டி, இப்போ 15½ தாண்ட மாட்டேங்குது. ஆள் நிறைய ஏறி, ஏசியும் ஓடி, மேடும் வந்தா மூணாவது கியர்ல இழுக்கத் திணறுது. எல்லா பங்க்லயும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்த பிறகுதான் இப்படி. 95 ஆக்டேன் போடுங்கன்னு பங்க்ல சொல்றாங்க, லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூட ஆகும். பலன் உண்டா? அப்பா, அம்மா, குழந்தைங்கன்னு எல்லாருக்கும் இது ஒண்ணுதான் வண்டி. இன்னும் ஆறேழு வருஷம் ஓட்டியாகணும்.

கொங்கு_ஹைவே:
தயங்காம போடுங்க. நானும் பழைய செடான்தான் வச்சிருக்கேன், 95 தவிர வேற அடிக்கறதில்ல. எஞ்சின் சத்தம் அடங்கியிருக்கும், ஓவர்டேக் எடுக்கும்போது மிதிச்ச உடனே கிளம்பும். இன்ஜெக்டரைச் சுத்தம் பண்ற மருந்தும் அதுல கலந்திருக்கு. டேங்க் ஃபுல் பண்ணினா முந்நூறு ரூபாய் கூட ஆகும், அவ்வளவுதான். வீட்டாளுங்களை ஏத்திட்டுப் போற வண்டிக்கு அந்தக் காசைப் பார்க்கக் கூடாது.

பிஸ்டன்_ரிங்:
கொங்கு நண்பரே, இங்கேதான் நான் மாறுபடுகிறேன். ஆக்டேன் எண் சக்தியின் அளவு இல்லை. சிலிண்டருக்குள் பெட்ரோல்-காற்றுக் கலவையை அமுக்கும்போது, பிளக்கின் பொறியிலிருந்து தீ பரவி முடிவதற்குள் அது தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. டர்போ இல்லாத இந்த வயது 1.5 லிட்டர் எஞ்சின்களில் பெரும்பாலானவை 91 ஆக்டேனுக்கே வடிவமைக்கப்பட்டவை. கையேட்டையோ பெட்ரோல் மூடியின் உள்பக்கத்தையோ பாருங்கள், எழுதியிருக்கும். 91-லேயே நாக்கிங் (கலவை அப்படித் தானாக வெடித்து எஞ்சின் தட்டுவது) இல்லாமல் ஓடுகிற எஞ்சினுக்கு 95 கொடுத்தால் கூடுதலாக எதுவும் கிடைக்காது.

இன்னொன்று. 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் கொடுத்த விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். முன்பு 88 ஆக இருந்த ஆக்டேன் பிஎஸ்6 என்ற புகைத் தரத்துக்காக 91 ஆனது, 20 சதவீத எத்தனால் சேர்ந்ததும் 95-ஐத் தொடுகிறது என்கிறது அது. எத்தனாலின் ஆக்டேன் 108 சொச்சம், அதனால்தான் இந்த ஏற்றம். அப்படியானால் சாதா நாசிலிலேயே 95 வருகிறது. நீங்கள் கொடுக்கும் ஏழெட்டு ரூபாய் அந்தச் சுத்தம் செய்யும் மருந்துக்கு மட்டும்தான்.

ஈரோடு நண்பருக்கு: உங்கள் மைலேஜ் கிட்டத்தட்ட 9 சதவீதம் விழுந்திருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. சுத்த பெட்ரோலிலிருந்து இ20-க்கு வந்தால் ஏழு சதவீதம் வரை போகும். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையும் பழைய நாலு சக்கர வண்டிகளுக்கு 6–7 சதவீதம் என்றே சொன்னது. ஆனால் நீங்கள் அதற்கு முன் ஓட்டியது இ10. அங்கிருந்து இ20-க்கு வந்த இழப்பு மூன்றரை சதவீதம்தான். மீதி ஐந்தரை எங்கே போனது? அதைத் தேடுங்கள். விலை கூடிய 95-லும் எத்தனால் உண்டு, இழந்த மைலேஜை அது திருப்பித் தராது.

கொங்கு_ஹைவே:
கையேடு எழுதினவங்க புது எஞ்சினை வச்சு எழுதினாங்க. 90,000 ஓடின எஞ்சின்ல பிஸ்டன் தலையில கரி படிஞ்சிருக்கும், அமுக்கம் கூடியிருக்கும், அந்தக் கரியே கங்கு மாதிரி சூடா கிடக்கும். சித்திரை வெயில்ல அஞ்சு பேரோட திம்பம் மலை ஏறிப் பாருங்க, 27 கொண்டை ஊசி வளைவு. நாக்கிங் வரும்னு தெரிஞ்சதும் ஈசியூ (எஞ்சினை நடத்தற கம்ப்யூட்டர்) பொறி அடிக்கற நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். அப்போ இழுவை போயிடும். அந்த இடத்துல ஆக்டேன் கூடுதலா இருந்தா நேரம் பின்னுக்குப் போகாது. இதை நீங்க மறுக்க முடியாது.

அப்புறம், அமைச்சகம் சொன்ன 95 ஒவ்வொரு பங்க் நாசில்லயும் வருதுன்னு யார் அளந்தாங்க? நான் காசு கொடுக்கறது அந்த உத்தரவாதத்துக்கு.

பிஸ்டன்_ரிங்:
மலை, வெயில், முழு பாரம், கரி படிந்த எஞ்சின் நான்கும் சேர்ந்தால் நாக்கிங் வரலாம், மறுக்கவில்லை. ஆனால் அப்போதுகூட முதல் வேலை கரியை எடுப்பதுதான். நோயை வைத்துக்கொண்டு மாதாமாதம் பங்க்கில் காசு கட்டுவது தீர்வு ஆகாது.

மலைக்கோட்டை_வாசகி:
என்னுடையது 1 லிட்டர் டர்போ செடான். டர்போ காற்றை முன்கூட்டியே அழுத்தி அனுப்புவதால் நாக்கிங்குக்கு வாய்ப்பு அதிகம், 95 போட்டால் ஓட்டத்தில் வித்தியாசம் உண்மையாகவே தெரிகிறது. ஆனால் மருந்து விஷயத்தில் கவனம் வேண்டும். இதுபோன்ற எஞ்சின்களில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் முதுகில் அது படுவதே இல்லை. அங்கே படியும் கரியை எந்த விலை பெட்ரோலாலும் கழுவ முடியாது. ஈரோடு அண்ணா, உங்கள் பழைய எஞ்சினில் இன்ஜெக்டர் வால்வுக்கு முன்னால் இருக்கும், அதனால் மருந்து கொஞ்சம் வேலை செய்யும்.

எனக்கு வேறொரு ஆதங்கம். இங்கிலாந்தில் 2021-ல் இ10 வந்தபோது, பழைய வண்டிக்காரர்களுக்காக இ5-ஐ சூப்பர் கிரேடாக விட்டுவைத்தார்கள். பிரேசிலில் கலப்பு 30 சதவீதம், ஆனால் எந்தக் கலப்பிலும் ஓடும் வண்டிகள் அங்கே 2003-லிருந்து விற்பனையாகின்றன. நமக்கு அந்தத் தேர்வு இல்லை. எத்தனால் இல்லாத பெட்ரோல் வேண்டும் என்று போட்ட மனுவையும் உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது. எத்தனால் கலக்காதது வேண்டுமானால் இந்தியன் ஆயிலின் 100 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி100 இருக்கிறது. அது 2020 டிசம்பரில் அறிமுகமானபோதே டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். நடுத்தரக் குடும்பம் தினமும் போடக்கூடிய விலையா அது? 2015-ல் வண்டி வாங்கியவரிடம் யாரும் இதைச் சொல்லி விற்கவில்லையே.

சேலம்_பட்டறை:
ரெண்டு பேரும் பெட்ரோலையே பேசறீங்க. வண்டியைப் பார்க்க வேண்டாமா? தம்பி ஈரோடு, நான் சொல்றதை வரிசையா செய்யுங்க.

முதல்ல ஓபிடி ஸ்கேனர் (ஈசியூ சொல்றதைப் படிக்கற கருவி) மாட்டி லாங் டேர்ம் ஃப்யூயல் டிரிம் பாருங்க, அதாவது ஈசியூ வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைச்சோ பெட்ரோல் விடுதுன்னு. எத்தனாலுக்குக் காத்து கம்மியாப் போதும், அதனால ஆக்சிஜன் சென்சார் சொல்றதைக் கேட்டு ஈசியூ கொஞ்சம் கூடுதலா பெட்ரோல் விடும். அதுல பிளஸ் 4, 5 காட்டினா கவலை இல்ல. பிளஸ் 15 காட்டினா எத்தனால் மட்டும் காரணம் இல்ல. எங்கேயோ வாக்குவம் ஹோஸ் வெடிச்சிருக்கு, இல்ல டேங்குக்குள்ள பம்ப் ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) அடைச்சிருக்கு. பழைய டேங்க்ல அடியில தங்கின அழுக்கை எத்தனால் இளக்கிக் கொண்டுவரும், நான் கழட்டின வண்டிகள்ல ஸ்ட்ரெய்னர் கறுப்பா களிம்பு பூசின மாதிரி இருந்ததுண்டு.

அடுத்து நாலு பிளக்கையும் கழட்டி வரிசையா வைங்க. முனை வெளிர் பழுப்பா இருந்தா நல்லது. உலர்ந்த கறுப்புக் கரின்னா பெட்ரோல் அதிகம். எண்ணெய் ஈரம்னா ரிங் இல்ல வால்வு சீல். பொறி தாண்டற இடைவெளியான கேப்பை அளந்து கையேட்டு அளவோட ஒப்பிடுங்க. கேப் விரிஞ்ச பிளக், பாரம் ஏறும்போதுதான் மிஸ் அடிக்கும். நீங்க சொல்ற மூணாவது கியர் திணறல் எனக்கு அப்படித்தான் படுது.

பத்து கி.மீ. ஓட்டிட்டு வந்து நாலு சக்கரத்து ரிம்மையும் கையால தொடுங்க. ஒண்ணு மட்டும் கொதிச்சா காலிபர் பின் இறுகி பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடுதுன்னு அர்த்தம். மைலேஜ் அங்கேயே போகும். டயர் காத்து, ஏர் ஃபில்டர் சொல்லவே வேண்டியதில்ல. ஆயில்ல கையேடு 0டபிள்யூ-20 சொன்னா அதையே ஊத்துங்க, கெட்டியானது நல்லதுன்னு 20டபிள்யூ-50 ஊத்தறவங்க இன்னும் இருக்காங்க.

பெட்ரோல் ஹோஸ், இன்ஜெக்டர் ஓ-ரிங் இதெல்லாம் சர்வீஸ்ல விரல் வச்சு அழுத்திப் பாருங்க. ரப்பர் ஊதியோ வெடிச்சோ இருந்தா அப்பவே மாத்திடணும். அது தீ பிடிக்கற சமாச்சாரம். 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகள்லதான் இ20 தாங்கற ரப்பர் போட்டிருக்காங்க.

மேட்டுல மிதிக்கும்போது கோலிக்குண்டைத் தகரத்துல கொட்டின மாதிரி சத்தம் கேக்குதா? கேட்டா மட்டும் 95 பத்தி யோசிங்க.

கொங்கு_ஹைவே:
அண்ணே, இதெல்லாம் செய்யணும், சரி. ஆனா இப்போ வர ஈசியூ சத்தம் கேக்கற அளவுக்கு நாக்கிங்கை விடாது, அதுக்கு முன்னாடியே நேரத்தைப் பின்னுக்கு இழுத்துடும். காதை நம்பி முடிவு எடுக்க முடியாது. மலைக்குப் போற டேங்க் மட்டுமாவது 95 போடச் சொல்வேன்.

சேலம்_பட்டறை:
மலைக்குப் போற டேங்க்குக்குன்னா நான் குறுக்கே நிக்கல.

ஈரோடு_செடான்:
நம்ம ஊர் மெக்கானிக்கிட்ட காட்டினேன். சத்தம் எதுவும் இல்ல. டிரிம் பிளஸ் 13 காட்டிச்சு. பிளக் கேப் விரிஞ்சிருந்துச்சு, நாலும் மாத்தியாச்சு. திணறல் பெரும்பாலும் போயிடுச்சு. பின்பக்க இடது ரிம் மத்ததைவிடச் சூடா இருக்கு, நாளைக்குக் கழட்டறாங்க. பம்பையும் மாத்திடலாம்னு சொல்றார். மாத்தணுமா அண்ணே?

சேலம்_பட்டறை:
இப்போ மாத்தாதீங்க. இன்டேக் ஹோஸ்ல காத்து ஒழுகுதான்னு புகை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. அது சரியா இருந்தா பெட்ரோல் பிரஷர் கேஜ் மாட்டச் சொல்லுங்க. பிரஷர் கம்மின்னாலும் ஸ்ட்ரெய்னரை மட்டும் மாத்தி, ஒரு டேங்க் ஓட்டிட்டு டிரிம் மறுபடி பாருங்க. 5, 6-க்குள்ள இறங்கிட்டா பம்ப் நல்லாத்தான் இருக்கு.